ஊன்றுகோலோடு அளந்த பாதை: ஒரு களப்பயிற்சியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிஷனில் எங்கள் புவியியல் துறையின் மூன்றாம் வருட மாணவர்கள் செய்த களப்பயிற்சி பற்றிய பதிவு இது. தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டிருக்கிறேன். பயிற்சியைப் பொறுப்பெடுத்து நடத்தியவன் நான். அதனால் கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை.

கொடுத்த வேலை சிக்கலானதல்ல. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் ஒவ்வொரு லயத்திலிருந்தும் (தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடுகள்) ஆட்கள் தோட்டப் பாடசாலைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று வரைபடம் போட வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் நடந்த மண்சரிவுக்குப் பிறகு, இந்த வேலை எதற்கு என்று மலையகத்தில் யாரும் கேட்பதில்லை. 24 மணி நேர மழை 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறச் சொல்கிறது எச்சரிக்கை முறை. சொன்ன பிறகு ஒரு குடும்பம் எத்தனை நிமிடத்தில் போய்ச்சேரும் என்பதை யாராவது அளந்து வைத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு மாணவர்கள். ஒருவர் சிறுவயது முதல் ஒரு பக்க ஊன்றுகோலுடன் நடப்பவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. காரணம் இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. அவரும் அப்படித்தான் சொன்னார். வேறொரு மாவட்டத்தில், லயத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதுதான் தேவை. மலைப்பாதை அவருக்குப் புதிதல்ல.

முதல் முடிவு: விலக்கு

களத்துக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு, துறைக் கூட்டத்தில் அவருக்கு விலக்குக் கொடுத்தோம். களவேலைக்குப் பதிலாக, மற்றவர்கள் கொண்டுவரும் ஜிபிஎஸ் தரவுகளை ஆய்வுகூடத்தில் உட்கார்ந்து கணினியில் ஏற்றி வரைபடமாக்க வேண்டும். புள்ளி குறையாது. எதிர்த்துப் பேசியவர் எவருமில்லை. மழைக்காலம், வழுக்கு, அட்டைக்கடி, விழுந்தால் யார் பொறுப்பு என்று எனக்குச் சொல்ல நிறையக் காரணம் இருந்தது. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

அவரைக் கூப்பிட்டுச் சொன்னபோது "சரி சேர்" என்றார். அவ்வளவுதான். அந்தச் 'சரி'யைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டிக்கும் சுற்றுலாவுக்கும் இதே மாதிரி விலக்குக் கிடைத்துப் பழகிய ஒருவர் சொல்லும் 'சரி' அது என்பதைப் பல மாதம் கழித்து அவர் வாயால்தான் கேட்டேன்.

முதல் வரைபடமும் ஒரு கேள்வியும்

பதினொரு பேர் மூன்று நாள் களத்தில் நின்றார்கள். பாதைகள், படிகள், பாலம், ஏழு லயங்கள், பாடசாலை எல்லாம் பதிவாகி வந்தன. ஆய்வுகூடத்தில் இவர் சாய்வைக் கணக்கிட்டு, நடைநேரத்தை ஓட்டினார். ஏழு லயமும் பச்சை. எல்லாமே 15 நிமிடத்துக்குள். மிகத் தூரமான மூன்றாம் லயத்துக்கு 14 நிமிடம்.

நடைநேரத்துக்கு நாங்கள் வழமையாகப் பாவிப்பது வால்டோ டொப்ளர் 1993 இல் வெளியிட்ட சூத்திரம். சுவிஸ் வரைபடவியலாளர் எடுவார்ட் இம்ஹொஃப் தந்த அளவீடுகளிலிருந்து எடுத்தது. சமதரையில் மணிக்குச் சுமார் 5 கிலோமீற்றர். 5 வீதச் சரிவுள்ள மெல்லிய இறக்கத்தில் உச்சவேகம், 6 கிலோமீற்றர். 30 வீத ஏற்றத்தில் 1.8 ஆகக் குறையும். அதே சாய்வில் இறங்கினால் 2.5. இதற்கு நூறு வருடம் முந்திய விதி ஒன்றும் உண்டு. 1892 இல் ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். இரண்டையும் வருடாவருடம் பலகையில் எழுதிப் போடுகிறேன்.

வரைபடத்தைக் காட்ட வந்தவர் கேட்டார்: "இந்த 6 கிலோமீற்றர்ல நடக்கிற ஆள் யாரு சேர்?"

சராசரி ஆள் என்றேன்.

"இறக்கத்துல வேகமாப் போறாரே, அதான் கேட்டேன். எனக்கு ஏத்தத்த விட இறக்கம்தான் கஷ்டம். எங்க அம்மாவுக்கும் அப்படித்தான்."

அந்த நிமிடம் வரை, சூத்திரத்துக்குள் ஒரு உடம்பு இருக்கிறது என்று நான் யோசித்ததில்லை. பாரம் இல்லாத, மூட்டு தேயாத, இரண்டு காலும் உள்ள, பொழுதுபோக்காகவோ பயிற்சிக்காகவோ மலை ஏறுகிற உடம்பு. அதன் வேகத்தை நிலத்தின் குணமாக எழுதி, இந்தச் சரிவுக்கு இத்தனை நிமிடம் என்று வாசித்துக்கொண்டிருந்தோம்.

என்ன செய்வது: மூன்று வழிகள்

அடுத்த துறைக் கூட்டத்தில் மூன்று யோசனை வந்தது. சூத்திரத்தின் விடையை ஒன்றரையால் பெருக்கிவிடலாம் என்றார் ஒருவர். 'விசேட தேவையுடையோருக்கு' என்று தனி வரைபடம் ஒன்றை இணைப்பாகப் போடலாம் என்றார் இன்னொருவர். திரும்பக் களத்துக்குப் போய், வெவ்வேறு ஆட்களோடு நடந்து பார்ப்பது மூன்றாவது. செலவும் நேரமும் கூடியது.

மூன்றாவதைத்தான் எடுத்தோம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான், இயலாமையைச் சமூகம் எப்படி உண்டாக்குகிறது என்று கேட்கும் விமர்சன இயலாமை ஆய்வு என்ற துறை எங்களுக்குக் கைகொடுத்தது. (தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இல்லை. 'மாற்றுத்திறன் ஆய்வு' என்று போடலாமா என்று மாணவரிடம் கேட்டேன். "மாற்றுத்திறனாளின்னா என்ன மாற்றுத்திறன் இருக்குன்னு ஆளுங்க பார்க்கிறாங்க சேர். எனக்கு அப்படி ஒன்னும் இல்ல" என்றார். அதனால் இந்தப் பெயரோடு நிற்கிறேன்.)

பிரித்தானியாவில் 1976 இல் உடல்குறைபாடு உள்ளவர்களே கூடி, குறைபாடு வேறு, முடக்கப்படுவது வேறு என்று எழுதினார்கள். கால் இல்லாதது குறைபாடு. கைப்பிடி இல்லாத படியைக் கட்டி, அதன் உச்சியில் பாடசாலையை வைப்பது முடக்குவது. மைக் ஒலிவர் 1983 இல் இதற்குச் சமூக மாதிரி என்று பெயர் வைத்தார். புவியியலுக்குள் இந்தச் சண்டை 1990களில் வந்தது. 1984 இல் பார்வையை இழந்த புவியியலாளர் ரெஜினால்ட் கொலெட்ஜ், பார்வையற்றோர் வழி கண்டுபிடிப்பதற்குப் புவியியல் என்ன செய்யலாம் என்று 1993 இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1996 இல் பிரெண்டன் கிளீசனும் ரொப் இம்ரியும் தனித்தனியாக மறுத்தார்கள். முடக்குகிற இடத்தைக் கேள்வி கேட்காமல், அதற்குள் சமாளிக்கும் வழியை மட்டும் தேடுகிறீர்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். எனக்கு இரு பக்கமும் நியாயம் தெரிகிறது. கொலெட்ஜுக்கு மறுநாள் காலை வீதியைக் கடந்தாக வேண்டியிருந்தது.

ஆனால் எங்கள் விஷயத்தில் தனி இணைப்பு வரைபடம் போட்டால், பழைய பச்சை வரைபடம் அப்படியே 'சாதாரண' வரைபடமாக நின்றுவிடும். அலுவலகச் சுவரில் தொங்கப்போவதும் அதுதான். ஒன்றரையால் பெருக்கினாலும் உள்ளே நடப்பது அதே ஆள்தான், கொஞ்சம் களைத்த அதே ஆள். ஆகவே திரும்பிப் போனோம். இம்முறை விலக்குப் பெற்ற மாணவர் குழுவுக்குத் தலைமை.

களத்தில் கண்டது

மூன்றாம் லயத்திலிருந்து பாடசாலைக்கு வரைபடத்தில் 640 மீற்றர். இஸ்தோப்பிலிருந்து (லயத்தின் முன் விறாந்தை) இறங்கினால் தண்ணீர்ப் பீலியைத் தாண்டிச் செம்மண் குறுக்குப்பாதை. அது ஓடைவரை சரிகிறது. சிறு பாலம். பிறகு 112 படி. பத்து மணிக்குத் தொடங்கினோம். முந்தின இரவு மழை.

இறக்கத்தில் அவர் என்ன செய்கிறார் என்று முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். ஊன்றுகோலை முதலில் கீழே வைக்கிறார். ரப்பர் முனை ஈர மண்ணில் அரை விரல் வழுக்கி, ஒரு கல்லில் முட்டி நிற்கும்வரை பொறுக்கிறார். பிடித்தபிறகுதான் உடம்பின் பாரத்தை அதற்கு மாற்றுகிறார். அப்புறம் காலை இறக்குகிறார். ஒவ்வொரு அடிக்கும் இதே. ஏறும்போது அப்படியில்லை, முன்னால் உள்ள படி நெஞ்சுக்குக் கிட்ட வருகிறது, தேவையென்றால் கையை ஊன்றலாம், வழுக்கினாலும் முன்பக்கம்தான் விழுவார். 112 படியை விட, அதில் பாதி நீளமும் இல்லாத இறக்கம் அவருக்குக் கூடுதல் நேரம் எடுத்தது. மொத்தம் 31 நிமிடம்.

பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். லொறி போகும் தோட்டப் பாதை சுற்றிச் சுற்றி 1.4 கிலோமீற்றர். அதில் நடந்து பார்ப்போம் என்றார். 29 நிமிடம். இருமடங்குக்கு மேல் நீளமான வழி அவருக்கு இரண்டு நிமிடம் கிட்டவாக இருந்தது. கொழுந்து லொறி ஏறுவதற்காக வளைவுகளைச் சாய்வு குறைத்து வெட்டியிருக்கிறார்கள். லயத்து ஆட்கள் நடக்கும் பாதையை யாரும் வெட்டவில்லை. நடந்து நடந்து உண்டானது. கணினியின் 'மிகக் குறுகிய பாதை' இதில் ஒன்றையும் அறியாது.

இரண்டாம் நாள் வீடுவீடாகப் போனோம். இயலாமைப் புள்ளிவிவரங்களுக்கான வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைக் கேட்பது திட்டம்: பார்த்தல், கேட்டல், நடத்தல் அல்லது படி ஏறுதல், ஞாபகம், தன்னைப் பராமரித்தல், தொடர்பாடல். இவற்றில் சிரமம் இல்லையா, கொஞ்சமா, நிறையவா, முடியவே முடியாதா என்று நான்கு பதில். 2012 குடிசன மதிப்பீட்டில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர் ஏதோ ஒரு சிரமம் உள்ளவர்கள் என்று வந்த எண்ணும் இந்த வகைக் கேள்விகளிலிருந்துதான்.

மூன்றாம் லயத்தில் ஒரு அம்மா, 61 வயது. பென்ஷன் எடுத்த பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிறார். எங்களோடு பேசும்போதே முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார். நடப்பதில், படி ஏறுவதில் சிரமம் உண்டா என்று ஒரு மாணவி கேட்டார்.

"இல்ல."

மாணவி 'சிரமம் இல்லை' என்று குறித்தார். பக்கத்தில் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஊன்றுகோல் மாணவர், எழுதுவதை விட்டுவிட்டு, "மூட்டு வலிக்குமா அம்மா?" என்றார்.

"வலிக்காம? மலைக்குப் போற எல்லாருக்குந்தான் வலிக்குது தம்பி. அது ஒரு சிரமமா?"

கேள்வித்தாள் பிழையில்லை, பதிலும் பொய்யில்லை. சிரமம் என்பதை எதோடு ஒப்பிட்டு அவர் சொல்கிறார் என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. லயம் முழுக்கத் தேய்ந்த மூட்டு என்றால், தேய்ந்த மூட்டுத்தான் அங்கே சராசரி. இன்னொரு வீட்டில் வேறு காரணம் கிடைத்தது. கை விரல் மடங்காத ஒரு தொழிலாளி, கதவைச் சாத்திவிட்டுத்தான் பதில் சொன்னார். கணக்குப்பிள்ளை காதில் விழுந்தால் பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) பெயர் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம்.

'பேர்' என்ற சொல்லை இங்கே நின்று பார்க்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் ஒரு பேர். குறித்த கிலோவைப் பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். நானும் தோட்டப் பின்னணிதான். இந்தச் சொல்லைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். உடம்பு ஓடாத நாளில் மனுசிக்குப் பாதிப் பெயர்தான் என்று அதைக் கேட்டது அந்த இஸ்தோப்பில் வைத்துத்தான். திறன் என்றால் என்ன என்று எந்தக் கோட்பாட்டுக்காரரும் எழுதுவதற்கு முன்பே தராசும் செக்ரோலும் (தோட்டத்து வரவுப் பதிவேடு) எழுதி வைத்துவிட்டன.

இங்கே சமூக மாதிரி மட்டும் போதாமல் போனதையும் சொல்ல வேண்டும். கைப்பிடி வைத்தால் படி சரியாகும், மூட்டு சரியாகாது. அந்தக் குறைபாட்டையே உண்டாக்கியது வேலை. செல்வந்த வடக்கு நாடுகளில் வளர்ந்த இயலாமை ஆய்வு, காலனியமும் சுரண்டலும் உடம்புகளில் உண்டாக்கிய சேதத்தைப் போதிய அளவு பேசவில்லை என்று ஹெலன் மீகோஷா 2011 இல் எழுதியது அந்த லயத்துக்குப் பொருந்தியது.

நாங்கள் விட்ட பிழை

அந்த அம்மாவைப் பாடசாலைவரை எங்களோடு நடக்கச் சொன்னோம். 27 நிமிடம். அளவு உறுதியாக வேண்டும் என்று மூன்று தடவை நடத்தினோம். புவியியலில் அளவீட்டைத் திருப்பிச் செய்வது நல்ல பழக்கம். மூன்றாம் தடவை முடிந்து அவர் படியில் உட்கார்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அன்றைய கைக்காசு போயிற்று. மறுநாளும் அவர் மலைக்குப் போகவில்லை என்று பிறகு தெரிந்தது, கால் வீங்கிவிட்டது.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தோம். அதில் நாள்கூலி பற்றி ஒரு வரியும் இல்லை. இரண்டு நாள் கூலிக் கணக்கைத் துறை நிதியிலிருந்து கொடுத்தோம், மன்னிப்பும் கேட்டோம். அவர் காசை வாங்கிக்கொண்டு, "பரவாயில்ல ஐயா, படிக்கிற புள்ளைங்க" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாருடைய உடம்பை மறந்து வரைபடம் போட்டோம் என்று கண்டுபிடிக்கப் போன ஆய்வு, கண்டுபிடித்த உடம்பையே அளவுகோலாக்கி அலைக்கழித்தது. அதன்பிறகு ஒருவரை ஒரு தடவைக்கு மேல் நடத்தவில்லை. அளவின் நம்பகம் குறைந்தது, குறையட்டும் என்று விட்டோம்.

பின் நடந்தவை

மொத்தம் ஒன்பது பேரோடு நடந்தோம். கைக்குழந்தைக்காரி ஒருவர், குறைபார்வை உள்ள முதியவர் ஒருவர், படுக்கையில் இருக்கும் மாமியாரைக் கதிரையில் வைத்துத் தூக்க வேண்டிய ஒரு குடும்பம் (அவர்களைத் தூக்கிக் காட்டச் சொல்லவில்லை; யார் யார் தூக்குவார்கள் என்று மட்டும் கேட்டோம். இருவர் கொழும்பில் வேலை.) புதிய வரைபடத்தில் ஒரு லயத்துக்கு ஒரு நிமிட எண் இல்லை. மிக மெதுவாகப் போகிறவர் எப்போது போய்ச்சேருவார் என்பதை வைத்தே நிறம் தீட்டினோம். குடும்பம் அவரை விட்டுவிட்டு ஓடாது என்பதுதான் காரணம். ஏழில் நான்கு லயம் பச்சையாக இருக்கவில்லை.

வரைபடத்தைத் தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் கொடுத்தோம். உடல்குறைபாடு உள்ளோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 11ஆம் உறுப்புரை அனர்த்த வேளையில் இவர்களின் பாதுகாப்பைப் பற்றியது. கடிதத்தில் அதையும் எழுதினோம். நான்கு மாதத்தில் 112 படியின் மேல்பாதிக்கு இரும்புக் குழாயில் கைப்பிடி வந்தது. கீழ்ப்பாதிக்கு வரவில்லை. இறக்கத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு லயத்துக்குக் கோயில் மண்டபத்தை இடைத்தங்கல் இடமாக்கலாம் என்ற எங்கள் யோசனை, அந்த இடத்தின் மண்ணைப் பரிசோதிக்கும்வரை நிற்கிறது. அது நியாயமான தாமதம்.

துறைக்குள் எதிர்ப்பும் வந்தது. ஒன்பது பேரை வைத்து ஒரு சூத்திரத்தைக் கவிழ்க்க முடியாது என்றார் மூத்த சக விரிவுரையாளர் ஒருவர். சரிதான். கவிழ்க்கவுமில்லை, அதே சூத்திரத்தை இன்னும் கற்பிக்கிறேன். பலகையில் எழுதியதும், இது யாருடைய நடை என்று கேட்கிறேன். பாடத்தில் அதற்கு இருபது நிமிடம் கூடுதலாகப் போகிறது.

எதிர்பாராதது பக்கத்துத் துறைகளில் நடந்தது. பொருளியல் விரிவுரையாளர் ஒருவர் எங்கள் அறிக்கையில் அரைப்பேர் பற்றிய பகுதியை வாசித்துவிட்டு, தன் 'உழைப்பின் உற்பத்தித்திறன்' பாடத்தில் அதை எடுத்துக்கொண்டார். ஒரு ஆளின் ஒரு நாள் என்ற அலகை யாருடைய உடம்பைப் பார்த்து வைத்தார்கள் என்பது அவர் வகுப்பில் இப்போது ஒரு கட்டுரைத் தலைப்பு. சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் 1934 ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தோடு வந்தார். எந்த உறுப்புப் போனால் உழைக்கும் திறனில் எத்தனை வீதம் இழப்பு என்று அதில் அட்டவணை உண்டு. முப்பது வருடம் கூடை சுமந்து தேய்ந்த மூட்டுக்கு எந்த நாளை விபத்து நாள் என்று எழுதுவது என்று கேட்டார். அவரது ஆய்வு அதைப் பற்றியது. நான் அவருக்கு எந்த வகையிலும் உதவக்கூடியவன் அல்ல. ஆனால் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

விலக்கு என்ற சொல்லை முதலில் நாங்கள் சொல்லக் கூடாது. களத்தில் என்ன செய்ய விருப்பம், எது கஷ்டம் என்று எல்லா மாணவரிடமும் கேட்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவரும் உயரத்துக்குப் பயப்படுபவரும் வாய்திறக்க அதுதான் வழி. நடக்க விரும்பாதவருக்கு விலக்கு இருக்கட்டும். இந்த மாணவரே, அட்டைக்கடிக்குப் பயந்து வராமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததில் முதலில் கொஞ்சம் சந்தோஷம்தான் என்று சொன்னார்.

தோட்ட மக்களின் நேரத்துக்கான கூலியைப் பயிற்சிச் செலவில் முதல் வரியாக எழுத வேண்டும். வரைபடத்தைக் கொடுப்பதற்கு முன் லயத்தில் வைத்து ஒருமுறை காட்டியிருக்கவும் வேண்டும். நேரே அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். நான்காம் லயத்துக்காரர்கள் தங்கள் லயம் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, வீட்டை உடைக்கப் போகிறார்களோ என்று பயந்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன். இன்னொருவர் போய் விளக்கிவிட்டு வந்தார்.

அடுத்த பிரிவு மாணவருக்கான களப்பயிற்சி அறிவித்தல் போன மாதம் பலகையில் ஒட்டப்பட்டது. மூன்றாவது வரியில் 'உடற்தகுதி உள்ளவர்கள் மட்டும்' என்று இருந்தது. கூட்டத்தில் அந்த வரியை எடுக்க முடிவெடுத்திருந்தோம். அலுவலகத்தில் பழைய கோப்பைத் திறந்து திகதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இறுதி வருடத்தில் இருக்கும் அந்த மாணவர் அதைப் படம் எடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். கூட ஒரு வார்த்தையும் இல்லை. கீழே போய்க் கிழித்துவிட்டு, புதியதை நானே தட்டச்சு செய்து ஒட்டினேன்.